ஏறாத எடை

மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். புரிகிற மாதிரிச் சொன்னால், வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டரைப் பார்த்து அட்டையில் எழுதிவிட்டு வருகிறவன். சேரன்மகாதேவியில் நான் மிதிக்காத வாசல் கிடையாது. எந்த வாசலுக்குப் போனாலும் ஒரே பாட்டுத்தான். "அண்ணாச்சி, இது ஓடுத மீட்டரா, பறக்குத மீட்டரா? வீட்டுல ரெண்டு லைட்டும் ஒரு ஃபேனுந்தான கெடக்கு!" எனக்குச் சுர்ரென்று ஏறிவிடும். "மீட்டருக்கும் ஒமக்கும் வரப்புத் தகராறா வே? ஓடுனதைத்தான் அது காட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். மனுஷன் பொய் சொல்லுவான், கருவி சொல்லாது என்பது அந்த வேலையில் எனக்கு ஊறிப்போன புத்தி. ஓய்வு பெற்றபோது சைக்கிளையும் பையையும் விட்டேனே தவிர, அந்தப் புத்தியை விடவில்லை. விட்டிருக்கலாம்.

என் மனைவிக்குச் சர்க்கரை வியாதி. அது முதலில் கண்ணில் கை வைத்தது, பார்வை மங்கிப்போனது. பிறகு சிறுநீரகத்துக்குப் போனது. பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்று முடிவானது. அந்த நிலைமையில் இருப்பவர்களுக்குச் சிறுநீர் அநேகமாக நின்றுபோகும். குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழி இல்லாமல் உடம்பிலேயே தங்கும். காலில் இறங்கி வீங்கும், மிஞ்சினால் நெஞ்சில் ஏறி மூச்சை முட்டும். மிஷின்தான் அதை இழுத்து எடுக்க வேண்டும். எவ்வளவு இழுப்பது என்பதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தண்ணீர் எல்லாம் எடுத்த பிறகு உடம்பு என்ன எடை இருக்க வேண்டும் என்று ஓர் எண் சொல்வார்கள். அங்கே எல்லாருக்கும் அது 'டிரை வெயிட்'. இவளுக்கு ஐம்பத்திரண்டு கிலோ. அதற்கு மேல் ஏறுவதெல்லாம் தண்ணீர் என்றார் டாக்டர். ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் நடுவில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஏறக் கூடாது, வீட்டிலேயே தினமும் எடை பாருங்கள் என்றும் சொன்னார்.

சென்னையில் இருக்கிற மகள் அன்றைக்கே ஆன்லைனில் ஓர் எடை மிஷினுக்குச் சொல்லிவிட்டாள். வந்து சேர்ந்தது. சதுரமாக ஒரு கண்ணாடிப் பலகை, முன்பக்கம் சின்னதாக ஒரு திரை. பெட்டிக்கு மேல் குளியலறை என்று போட்டிருந்ததால் நான் அதைக் கொண்டுபோய்க் குளியலறையிலேயே வைத்தேன். அங்கேதான் முதல் கூத்து. காலையில் ஐம்பத்து மூன்றரை காட்டியது. கொஞ்சம் நகர்த்தி வைத்தால் ஐம்பத்து மூன்று. வாசல் ஓரமாக வைத்தால் ஐம்பத்து நாலு. "சவத்த, இது என்ன மிஷினா, ஜோசியமா?" என்று நான் கத்த, அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "ஒங்க மீட்டரு ஆளைப் பாத்துக் காட்டுது போல" என்றாள். பிறகுதான் எனக்கு உறைத்தது. நம் ஊர்க் குளியலறைத் தரை எங்கே சமமாக இருக்கிறது? தண்ணீர் வடிய வேண்டும் என்று கொத்தனார் சரித்துத்தானே வைத்திருக்கிறார். சரிவில் நின்றால் எடை எப்படி நிற்கும்?

மிஷினைத் தூக்கிக்கொண்டு நடு வீட்டுக்கு வந்தேன். சமமான இடமாகப் பார்த்து நாலு மூலைக்கும் சாக்பீஸால் கோடு போட்டேன். அதற்குப் பிறகும் எனக்கு மனசு ஒப்பவில்லை. அன்றைக்குப் புது கேஸ் சிலிண்டர் வந்திருந்தது. சிலிண்டரின் கழுத்து வளையத்தில் காலிச் சிலிண்டரின் எடை போட்டிருப்பார்கள். அதோடு உள்ளே இருக்கிற கேஸின் எடையைக் கூட்டினால் மொத்த எடை. சிலிண்டரைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி அணைத்துத் தூக்கிப் பைய அந்தக் கண்ணாடி மேல் இறக்கினேன். "கண்ணாடி ஒடைஞ்சிரப் போவுது, மக காசு போட்டு வாங்கினதுல்லா!" என்று அடுப்பங்கரையிலிருந்து அவள் சத்தம் போட்டாள். உடையவில்லை. கூட்டி வைத்திருந்த எண் அப்படியே திரையில் வந்து நின்றது, நூறு கிராம் கூட முன்பின் இல்லை. எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. மகளுக்குப் போன் போட்டு, "நயமான சரக்கு, நான் டெஸ்ட் பண்ணிட்டேன்" என்றேன். ஆஸ்பத்திரி எடை மிஷினோடும் ஒத்துப் பார்த்தேன். அங்கே என்ன காட்டியதோ அதையேதான் இங்கேயும் காட்டியது.

மிஷின் சரிதான். ஆனால் அவளால் அதைப் பயன்படுத்த முடியாது. அதைச் செய்தவன் கண் தெரியாதவர்களை நினைத்துப் பார்த்திருக்க மாட்டான், சேலை கட்டுகிறவர்களையும் நினைத்திருக்க மாட்டான். திரை சரியாகக் கால் விரல்களுக்கு முன்னால் இருக்கிறது; சேலைக் கொசுவம் அதை மூடிவிடும். கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தால் எண் ஆடும். நிமிர்ந்து நின்றால் எண் நிற்கும், ஆனால் அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதற்குள் அணைந்துவிடும். வழுக்குகிற கண்ணாடியில் நிற்கப் பயந்து சுவரில் கை வைப்பாள். கை வைத்தால் எடை குறையும். "கையை எடு, கையை எடு" என்பேன். "விழுந்துருவேங்க" என்பாள். அதனால் தினமும் காலையில் காப்பிக்கு முன்னால் அவள் ஏறி நிற்பாள், நான் அவள் காலடியில் குந்தி உட்கார்ந்து எண்ணைப் படிப்பேன். தன் உடம்பின் எடை அவளுக்கு என் வாய் வழியாகத்தான் தெரியும். நான் சொன்னதுதான் எடை.

ஆரம்பத்தில் அதில் ஒரு விளையாட்டு இருந்தது. "எவ்வளவுங்க?" என்பாள். "ரெண்டு மூட்டை நெல்லு" என்பேன். "ஒங்களைத் தூக்கிச் சுமக்கதுக்கு அவ்வளவு வேணும்லா" என்பாள். கோடை தொடங்கியதும் அந்த விளையாட்டு நின்றுபோனது.

சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு இரண்டு தம்ளர் தண்ணீர், அதுவும் காப்பி, ரசம், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் சேர்த்து. நீங்கள் இருந்து பாருங்கள். அவள் இருந்தாள். எலுமிச்சம்பழத் துண்டை நாக்கில் தடவிக்கொள்வாள். வாய் கொப்பளித்துத் துப்புவாள். துப்பும்போது நான் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன், விழுங்குகிற சத்தம் கேட்கிறதா என்று. பெண்டாட்டி வாய் கொப்பளிப்பதை வேவு பார்த்த புருஷன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒரு நாள் காலை எண் ஐம்பத்து மூன்றேமுக்காலில் போய் நின்றது. முந்தின நாள்தான் டயாலிசிஸ் முடிந்து ஐம்பத்திரண்டில் வந்திருந்தாள்.

"என்ன குடிச்ச?" என்றேன்.

"ஒண்ணும் குடிக்கலங்க."

"அப்ப மிஷின் பொய் சொல்லுதா, நீ சொல்லுதியா?"

அவள் கொசுவத்தை இறக்கிவிட்டாள். பிறகு, "நேத்து சாயந்திரம் அடுத்த வீட்டு மதினி மோர் தந்தா. பெரிய செம்பு. ஆசையாத் தந்தா, வேண்டாம்னு எப்படிச் சொல்ல? பின்னால கொஞ்சம் தண்ணியும் குடிச்சேன்" என்றாள்.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு நேராக அடுத்த வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றாள். "மதினி, இனிமே இவளுக்கு நீங்க சொட்டுத் தண்ணி குடுக்கக் கூடாது. மோர், காப்பி ஒண்ணும் கூடாது. கேட்டாலும் குடுக்கக் கூடாது" என்றேன். அந்த அம்மாளின் முகம் செத்துப்போனது. "தண்ணி குடுக்காதன்னு சொல்லவா வந்திய அண்ணாச்சி? வழியில போற ஆளு கேட்டாக்கூட இல்லைன்னு சொல்ல மாட்டமே. ஆத்தங்கரையில இருந்துக்கிட்டு..." என்று இழுத்தாள். டப்பாவோடு உள்ளே போய்விட்டாள். திரும்பினால் எங்கள் வீட்டு நடையில் இவள் நின்றுகொண்டிருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தாங்க தெரியும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். விக்கிரமசிங்கபுரத்தில் மில் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவள். ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் திருப்பிக் கொடுக்கிறவள். அன்றைக்கு அந்த ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அடுத்த வீட்டுப் பக்கம் போகவே இல்லை. அந்த அம்மாளும் வரவில்லை. சாயங்காலங்களில் இரண்டு பேரும் மதில் ஓரம் நின்று பேசுகிற பேச்சு அப்படியே அற்றுப்போனது. நான் அதையும் லாபக் கணக்கில் எழுதிக்கொண்டேன். ஒரு வாசல் அடைந்தது, மோர் வரவு நின்றது என்று.

அவள் மேல் ஆசை இல்லாமல் செய்ததில்லை. போய்விடுவாளோ, போய்விடுவாளோ என்று எனக்கு ஒரே பயம். அந்தப் பயத்தைப் பயமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஏச்சாகத்தான் வாயில் வந்தது. 'நீ இல்லன்னா நான் என்னளா பண்ணுவேன்' என்று ஒரு நாள் சொல்லியிருந்தால் போதும். அதை விட்டுவிட்டு, "அறிவு இருக்கா, நாக்கை அடக்கத் தெரியாதா" என்று தினமும் காலையில் அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டு கத்தினேன்.

ஏச்சுக்குப் பலன் கிடைத்தது. எடை அடங்கியது. ஐம்பத்திரண்டில் வருவாள், அடுத்த டயாலிசிஸுக்குள் ஐம்பத்து மூன்றைத் தொட மாட்டாள். ஆனியும் ஆடியும் இப்படியே போயின. நான் தலைகால் தெரியாமல் ஆடினேன். மகளிடம், "ஒங்கம்மா இப்பத்தான் வழிக்கு வந்திருக்கா" என்றேன். டயாலிசிஸ் அறையில் பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கெல்லாம் புத்தி சொன்னேன். மிஷின் வாங்குங்கள், சமதளத்தில் வையுங்கள், சிலிண்டரை வைத்துச் சோதியுங்கள் என்று. அங்கே வேலை பார்க்கிற சிஸ்டர் கூட, "ஐயாவை மாதிரி எல்லாரும் இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல" என்றார். எனக்குப் பென்ஷன் உத்தரவு வந்தபோது கூட அவ்வளவு பெருமையாக இல்லை.

அந்த மாதங்களில் அவள் வளையல்கள் கழன்று விழ ஆரம்பித்தன. சோப்பு போட்டு, கையை நசுக்கி ஏற்றிய வளையல்கள், பாத்திரம் தேய்க்கும்போது தானாக நழுவித் தொட்டியில் கிடந்தன. ரவிக்கையை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாள். "நீர் வத்துது, நல்லதுதான்" என்றேன். சாப்பாட்டில் பாதி தட்டிலேயே கிடக்கும். "ருசி இல்லங்க" என்பாள். உப்பில்லாத சாப்பாடு அப்படித்தான் இருக்கும் என்பேன். தலைக்கு ஒரு தலையணை போதாமல் இரண்டு வைத்தாள், பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். "மல்லாக்கப் படுத்தா நெஞ்சை அடைக்கி" என்றாள். புழுக்கமாக இருக்கும் என்று நான் ஃபேனைக் கூட்டி வைத்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன். ஆனால் காலையில் எண் சரியாக இருந்தது. எண் சரியாக இருக்கும்போது வேறு என்ன சரியில்லாமல் இருக்க முடியும்?

மாதம் ஒருமுறை வருகிற பெரிய டாக்டர் ஆடியில் வந்தபோது, அவளைப் பார்த்துத்தான் கேட்டார்: "எப்படிம்மா இருக்கீங்க?" அவள் வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். "எடை அப்படியே நிக்கி சார். ஒரு கிலோவுக்கு மேல ஏறுறதே இல்ல. நானே பாக்கேன்." அவர் பைலைப் புரட்டினார். ஆஸ்பத்திரி எடையும் அதையேதான் சொன்னது. "ரொம்ப நல்லது" என்று என் தோளில் தட்டிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார். அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். வீட்டுக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில், "டாக்டர்ட்ட என்ன சொல்ல வந்த?" என்று கேட்டேனா? கேட்கவில்லை. எனக்குத் தோள் குளிர்ந்து கிடந்தது. இப்போது அந்த ஒரு நிமிஷத்தைத் திருப்பித் தருவதாக யாராவது சொன்னால் என் மிச்ச ஆயுசை எழுதிக் கொடுத்துவிடுவேன்.

ஆவணியில் ஒரு காலை. எடை பார்க்க ஏறி நின்றாள். குனிந்து படித்தேன், ஐம்பத்திரண்டு எண்ணூறு. "பிரமாதம்" என்று நிமிர்ந்தால், அவள் உதடு நீலம் பாரித்துக் கிடக்கிறது, மூச்சுக்கு அலைகிறாள். கண்ணாடியிலிருந்து இறங்க முடியாமல் என் தலையைப் பிடித்துக்கொண்டாள். கார் பிடித்துக்கொண்டு ஓடினோம். வழியெல்லாம் இருமினாள், நுரையாக வந்தது.

நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் வந்தார். "நெஞ்சு முழுக்கத் தண்ணி" என்றார்.

"இருக்காது சார்" என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். "எடை ஏறவே இல்லையே! இன்னைக்குக் காலையில கூடப் பாத்தேனே!"

அவர் அவளுடைய மேல் கையை மெதுவாகத் தூக்கிக் காட்டினார். தோல் தனியாகத் தொங்கியது. "சதை எல்லாம் கரைஞ்சு போச்சு ஐயா. சரியாச் சாப்பிடாம நாலஞ்சு கிலோ உடம்பு போயிருக்கு. போன எடத்துக்குத் தண்ணி வந்து உக்காந்துக்கிச்சு. அதான் எடை மாறல. சதைன்னும் தண்ணின்னும் மிஷினுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. டிரை வெயிட்ட நாங்களும் எப்பவோ குறைச்சிருக்கணும். படுக்க முடியலன்னு, வளையல் லூசாயிருக்குன்னு ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார்.

மிஷின் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. பொய் சொல்லியிருந்தால் அதைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன், மனசு ஆறியிருக்கும். அது கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்னது. நான்தான் அவளிடம் கேட்க வேண்டிய கேள்வியை எல்லாம் அதனிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் கண்ணெதிரே பாதியாகிக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் காலடியில் குனிந்து பிரமாதம், பிரமாதம் என்றேன்.

தண்ணீரை எடுக்கப் பார்த்தார்கள். கொஞ்சம் எடுப்பதற்குள் பிரஷர் இறங்கிவிடும், டயாலிசிஸைப் பாதியில் நிறுத்துவார்கள். இருதயம் களைத்துப்போய்விட்டது என்றார்கள். மகள் வந்து சேர்ந்தாள். சில நாள் போனது. ஒரு மத்தியானம் டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்தார். "இனிமே அவங்களை எதுக்கும் கட்டுப்படுத்த வேண்டாம் ஐயா. கேட்டதைக் குடுங்க. தண்ணி கேட்டா தண்ணியும் குடுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கியது.

ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு படுக்கைக்குப் போனேன். தளும்பித் தரையெல்லாம் சிந்தியது. அவள் உதடு வெடித்துக் காய்ந்து கிடந்தது. கழுத்துக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கி, "இந்தா, குடிளா. டாக்டரே சொல்லிட்டாரு. எவ்வளவு வேணும்னாலும் குடிக்கலாம்" என்றேன்.

"நெறையவா?" என்றாள்.

"வயிறு நெறைய."

கையை நீட்டி, தடவித் தம்ளரைத் தொட்டாள். வெளிப்பக்கம் ஈரமாக இருந்தது. விரல் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

"வேண்டாங்க. காலைல ஏத்திக் காட்டிரும். நீங்க ஏசுவிய."

"ஏச மாட்டேன்ளா. சத்தியமா ஏச மாட்டேன்."

"இப்ப இப்படித்தான் சொல்லுவிய" என்றாள். கோபமே இல்லை, சின்னப் பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரித்தான் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டாள். மகள் கெஞ்சிப் பார்த்தாள், நான் அழுது பார்த்தேன். கடைசியில் துணியை நனைத்து அவள் உதட்டில் வைத்தேன். அந்த ஈரமும் உள்ளே போய்விடாமல் வாயை இறுக மூடிக்கொண்டாள்.